ஒரே மூலக்கோப்பு, இரு வேறு பட்டியல்கள்: ஜாதிக்காய் எண்ணெயின் ஜிசி-எம்எஸ் கணிப்பில் எதை எழுதுவது?

ஜாதிபத்திரி (பினாங்கு) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பினாங்கில் முதுகலை ஆய்வு மாணவியாக இருக்கிறேன். பாலிக் புலாவ் மலைச்சரிவுத் தோட்டங்களில் பெற்ற ஜாதிக்காயின் பருப்பையும், அதைச் சுற்றியுள்ள ஜாதிபத்திரியையும் தனித்தனியே வடித்து, இரண்டின் நறுமண எண்ணெய்களும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று காண்பது என் ஆய்வு. எங்கள் துறையின் ஜிசி-எம்எஸ் கருவி (எண்ணெயின் சேர்மங்களை நுண்குழலில் பிரித்து, நிறைமானியால் அடையாளம் காணும் கருவி) பழுதாகிக் கிடந்ததால் மாதிரிகளை வெளிப் பரிசோதனைக் கூடம் ஒன்றுக்கு அனுப்பினோம். அவர்கள் அச்சிட்ட அறிக்கையுடன், நாங்கள் கேட்டுக்கொண்டபடி கருவி பதிவு செய்த மூலக்கோப்புகளையும் கொடுத்தார்கள்.

அந்தக் கோப்புகளை நானே ஒருமுறை கணித்துப் பார்க்கலாம் என்று, ஒன்றோடொன்று கலந்து வெளிவரும் சேர்மங்களின் நிறமாலைகளை (ஒவ்வொன்றும் உடைந்து தரும் அயனிகளின் கோலங்களை)ப் பிரித்துக் காட்டும் மென்பொருள் ஒன்றில் இட்டேன். மாதிரி ஒன்று, ஊசியால் செலுத்தியதும் ஒரே முறை, கோப்பும் ஒன்று; ஆனால் கிடைத்த பட்டியல் வேறு எண்ணெயினுடையதைப் போல இருக்கிறது. பருப்பு எண்ணெயில் கூடத்தின் அறிக்கை 31 சேர்மங்களைக் காட்டுகிறது, என் கணிப்பு 58 சேர்மங்களைக் காட்டுகிறது. அவர்கள் சபினீன் 27.8 விழுக்காடு என்கிறார்கள், எனக்கு 22.4 வருகிறது. அவர்களிடம் லிமொனீன் என்ற ஒரே முகடாக (வரைபடத்தில் சேர்மம் வெளிவருவதைக் காட்டும் மேடாக) இருப்பது என்னிடம் லிமொனீன், பீட்டா-ஃபெலாண்ட்ரீன், 1,8-சினியோல் என மூன்றாகப் பிரிகிறது. பிற்பகுதியில் வரும் செஸ்குவிடெர்பீன்களின் (15 கரிம அணுக்கள் கொண்ட நறுமணச் சேர்மங்களின்) பெயர்களோ பாதிக்கு மேல் ஒத்துப்போகவில்லை.

கூடம் பயன்படுத்தியது 30 மீட்டர் நீளமுள்ள, 5 விழுக்காடு ஃபீனைல் கலந்த நுண்குழல். வெப்பநிலை நிமிடத்துக்கு 3 பாகையாக ஏற்றப்பட்டிருக்கிறது. நிறைமானி நிறை எண் 50 முதல் 550 வரையிலான அயனிகளைப் பதிவு செய்திருக்கிறது. ஆல்கேன் வரிசை (சேர்மங்கள் வெளிவரும் நேரத்துக்கு அளவுகோலாகப் பயன்படும் ஹைட்ரோகார்பன்களின் கலவை) செலுத்தப்படவில்லை. மிகப் பெரிய முகட்டின் பரப்பில் 0.5 விழுக்காட்டுக்குக் குறைவானவற்றை விட்டுவிட்டதாகவும், நிறமாலை நூலகத்தில் முதலில் வந்த பெயரை எடுத்துக்கொண்டதாகவும் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கிறது.

இன்னொரு கவலையும் உண்டு. கூடத்தின் பட்டியலைக் கொண்டு முதன்மைக் கூறு பகுப்பாய்வு (பல சேர்மங்களின் வேறுபாடுகளை ஓரிரு அச்சுகளில் சுருக்கிப் படமாக்கும் புள்ளியியல் முறை) செய்தால் பருப்பும் பத்திரியும் தெளிவாக இரு கூட்டங்களாகப் பிரிகின்றன. என் பட்டியலைக் கொண்டு செய்தால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. ஆய்வேட்டில் எந்தப் பட்டியலை வைப்பது? எனக்குச் சாதகமாக இருப்பதைத் தேர்ந்தெடுத்ததாக ஆகிவிடக் கூடாது என்பதால்தான் இங்கே கேட்கிறேன்.

---

கூடத்துக்காரர் (கோலாலம்பூர்) எழுதியது:

வணக்கம் சகோதரி. வணிகப் பரிசோதனைக் கூடத்தில் நெடுங்காலமாக வாசனை எண்ணெய்களைப் பார்த்துவருகிறேன். உங்களுக்குக் கிடைத்த இரண்டு எண்களும் சபினீனின் எடை அளவு அல்ல. இரண்டும் முகட்டுப் பரப்பின் பங்குகள். எந்தப் பரப்பை எப்படி அளந்து எந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தோம் என்பது மாறினால் பங்கும் மாறும். ஆகவே, எது சரி என்று கேட்பதற்கு முன், எந்த அமைப்பு எந்த எண்ணை மாற்றியது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

முதலில் சேர்மங்களின் எண்ணிக்கை. 31க்கும் 58க்கும் இடையிலான வேறுபாட்டில் பெரும்பகுதி குறைந்தபட்சப் பரப்பு என்ற ஒரே அமைப்பினால் வருவதாக இருக்கும். சிறிய முகடுகளை விட்டுவிட்டு மீதியை நூறாக்கும்போது பெரியவை எல்லாம் ஒரே விகிதத்தில் உயர்கின்றன. விடப்பட்டவை மொத்தத்தில் 6 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 20 விழுக்காடாக இருந்த சேர்மம் 21.3 ஆகிவிடும். இது தீங்கற்ற மாற்றம், ஏனெனில் சேர்மங்களுக்கு இடையிலான விகிதங்கள் அப்படியே இருக்கின்றன. ஆனால் 27.8க்கும் 22.4க்கும் உள்ள இடைவெளியை இதனால் மட்டும் விளக்க முடியாது.

அதேபோல உங்கள் 58ஐயும் அப்படியே நம்ப வேண்டாம். பிரித்துக் காட்டும் மென்பொருளில் உணர்திறனை உயர்வாக வைத்தால் ஒரே முகட்டை இரண்டு மூன்று சேர்மங்களாக அது எண்ணிவிடும். பட்டியலில் ஒரே பெயர் அடுத்தடுத்து வருகிறதா என்று பாருங்கள். வெப்பநிலை உயரும்போது நுண்குழலின் உட்பூச்சிலிருந்து கசியும் சிலாக்சேன்கள் 207, 281 ஆகிய அயனிகளோடு வரும். அவற்றையும் ஏதோ புதிய சேர்மமாக நூலகம் பெயரிட்டிருக்கக்கூடும். ஜாதிக்காய் எண்ணெயில் சிலிக்கன் சேர்மம் இருப்பதாக எழுதப்பட்ட கட்டுரைகளைக்கூட நான் படித்திருக்கிறேன். அவற்றைப் பற்றி இங்கே அதிகம் பேச வேண்டியதில்லை.

இப்போது சபினீனுக்கு வருவோம். ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு பட்டியல்களிலும் நன்கு தனித்து நிற்கும் இரண்டு முகடுகளை, எடுத்துக்காட்டாக ஆல்ஃபா-பைனீனையும் டெர்பினென்-4-ஆலையும் எடுத்து ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பாருங்கள். இரு பட்டியல்களிலும் அந்த விகிதம் ஒன்றாக இருந்தால் பரப்பை அளந்த முறையில் கோளாறு இல்லை, வகுத்த கூட்டுத்தொகைதான் மாறியிருக்கிறது. விகிதமும் மாறியிருந்தால், உங்கள் மென்பொருள் மொத்த அயனிப் பரப்பை எடுக்காமல் ஒவ்வொரு சேர்மத்துக்கும் ஓர் அயனியின் பரப்பை மட்டும் எடுத்திருக்கக்கூடும். அப்படியானால் அந்த விழுக்காடுகளை யாருடைய எண்களோடும் ஒப்பிட முடியாது. அடுத்து, சபினீனை ஆல்ஃபா-பைனீனால் வகுத்துப் பாருங்கள். பிறகு சபினீனையும் பீட்டா-பைனீனையும் கூட்டி ஆல்ஃபா-பைனீனால் வகுத்துப் பாருங்கள். அந்த எண்களைச் சொன்னால் மேலே பேசலாம்.

---

தேங்காய்நார் (பினாங்கு) எழுதியது:

ஒரு சிறு குறிப்பு மட்டும். பதிவு 50லிருந்து தொடங்கியிருக்கிறது என்கிறீர்கள். டெர்பீன்களை அடையாளம் காண 41, 43 ஆகிய சிறிய அயனிகளும் உதவும்; சினியோலுக்கு 43 மிக வலுவானது. அது பதிவாகாததால் நூலகத்தோடு ஒப்பிடும்போது பொருத்தம் குறைவாகவே வரும். ஆனாலும் 81, 108, 154 ஆகியவை இருப்பதால் சினியோல் இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்டுபிடித்துவிடலாம். அடுத்த முறை 40லிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

---

ஜாதிபத்திரி (பினாங்கு) எழுதியது:

மிக்க நன்றி. ஐயா சொன்ன சோதனையைச் செய்தேன். ஆல்ஃபா-பைனீனுக்கும் டெர்பினென்-4-ஆலுக்கும் உள்ள விகிதம் இரு பட்டியல்களிலும் ஏறத்தாழ ஒன்றுதான். சபினீனுக்கும் ஆல்ஃபா-பைனீனுக்கும் உள்ள விகிதம் தெளிவாக மாறுகிறது. சபினீனையும் பீட்டா-பைனீனையும் கூட்டி வகுத்தால் அந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. பட்டியலில் ஒரே பெயர் அடுத்தடுத்து வந்த இடங்களும் இருந்தன, 207ஐ அடிப்படையாகக் கொண்டவையும் இருந்தன. அவற்றை நீக்கிய பிறகு எண்ணிக்கை ஐம்பதுக்குக் கீழே வந்துவிட்டது.

---

கூடத்துக்காரர் (கோலாலம்பூர்) எழுதியது:

அப்படியானால் சிக்கல் சபினீனுக்கும் பீட்டா-பைனீனுக்கும் நடுவே எங்கே கோடு போடுவது என்பதில் இருக்கிறது. உங்கள் நுண்குழலில் இவ்விரண்டும் மிக நெருங்கி வருபவை. பரவலாகப் பயன்படும் அட்டவணைகளில் சபினீனின் தங்குநேரக் குறியெண் (நுண்குழலில் தங்கும் நேரத்தை ஆல்கேன்களோடு ஒப்பிட்டுத் தரும் எண்) 969, பீட்டா-பைனீனுடையது 974. இரண்டுமே 136 நிறையுள்ள மோனோடெர்பீன்கள். இரண்டிலும் 93தான் மிக உயர்ந்த அயனி. பீட்டா-பைனீனில் 69 வலுவாகவும், சபினீனில் 77, 91 சற்று ஓங்கியும் இருப்பதை வைத்துத்தான் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க வேண்டும்.

கூடத்தின் மென்பொருள் இரண்டு முகடுகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்திலிருந்து அடிக்கோட்டுக்கு நேர்செங்குத்தாக ஒரு கோடு இறக்கியிருக்கும். அண்டைத் தோட்டக்காரர்கள் இருவர் நடுவே வேலி போட்டுக்கொள்வதைப் போன்றது இது: வேலி நேராக இருக்கிறது, ஆனால் கிளைகள் இருபக்கமும் நீண்டிருக்கின்றன. இரண்டு முகடுகளும் ஏறக்குறைய ஒரே உயரமாக இருந்தால் கொடுக்கல் வாங்கல் சரியாகிவிடும். ஒன்று மிகப் பெரிதாகவும், அதன் வாலில் மற்றொன்று சிறிதாகவும் இருந்தால், செங்குத்துக் கோடு பெரியதன் வாலைச் சிறியதன் கணக்கில் சேர்த்துவிடும். தொடுகோடு இழுத்துச் சிறியதை மட்டும் சீவி எடுக்கும் முறையோ, பெரும்பாலும் சிறியதற்கு உரியதைவிடக் குறைவாகவே கொடுக்கும். மென்பொருள் இம்முறைகளில் எதைப் பயன்படுத்தியது என்பதைப் பெரும்பாலான அறிக்கைகள் சொல்வதே இல்லை.

உங்கள் மென்பொருள் கோடு போடவில்லை, நிறமாலையை வைத்துப் பிரித்திருக்கிறது. பொதுவாக அதுவே மேலான வழி. ஆனால் மாதிரி அடர்த்தியாகச் செலுத்தப்பட்டிருந்தால் அதுவும் ஏமாந்துவிடும். சபினீன் போன்ற பெருஞ்சேர்மம் உணர்கருவியின் எல்லையைத் தொட்டுவிட்டால் 93 அயனி அதற்கு மேல் உயர முடியாது; 69, 77 போன்றவை மட்டும் தொடர்ந்து உயரும். அந்த நொடிகளில் 93க்கு எதிரே 69 ஓங்கித் தெரிவதால், சபினீன் பீட்டா-பைனீனின் சாயலைப் பெற்றுவிடுகிறது. மென்பொருள் அதை நம்பிச் சபினீனின் ஒரு பகுதியை அண்டைக்குக் கொடுத்திருக்கலாம். கூடவே, அளவுக்கு மீறிச் செலுத்திய முகடு முன்பக்கம் சாய்ந்து, உச்சி பின்னோக்கி நகரும். அதாவது சபினீன் பீட்டா-பைனீனை இன்னும் நெருங்கிவிடும். மூலக்கோப்பில் 93 அயனியின் தடத்தை மட்டும் வரைந்து, சபினீனின் உச்சி வெட்டிவிட்டாற்போலத் தட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எந்த மென்பொருளாலும் அந்தக் கோப்பைக் காப்பாற்ற முடியாது. அதே குப்பியைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி செலுத்தச் சொல்லுங்கள். முடிந்தால் பாலிஎத்திலீன் கிளைக்கால் பூச்சுள்ள நுண்குழலிலும் ஒருமுறை ஓட்டச் சொல்லுங்கள். அதில் வரிசையே தலைகீழாகும்: பீட்டா-பைனீன் முன்னும் சபினீன் பின்னுமாக, நல்ல இடைவெளியோடு வரும். லிமொனீனும் அங்கே பீட்டா-ஃபெலாண்ட்ரீனை விட்டு விலகிவிடும். ஆனால் பீட்டா-ஃபெலாண்ட்ரீனும் சினியோலும் அங்கேயும் ஒட்டிக்கொண்டுதான் வரும். இரண்டு நுண்குழல்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் மூன்றையும் பிரிக்க முடியும். அது வரையில் ஆய்வேட்டில் அம்மூன்றையும் கூட்டி ஒரே வரியாக எழுதுவதே நேர்மையானது.

செஸ்குவிடெர்பீன்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 204 நிறையுள்ள இவற்றின் நிறமாலைகள் ஒன்றையொன்று அவ்வளவு ஒத்தவை. நூலகத்தில் முதல் ஐந்து பெயர்களும் ஆயிரத்துக்கு 900க்கு மேல் மதிப்பெண் பெறுவது சாதாரணம். முகட்டின் ஏறுமுகத்தில் எடுத்த நிறமாலையும் இறங்குமுகத்தில் எடுத்ததும்கூடச் சற்று வேறுபடும். ஆகவே எந்தப் புள்ளிகளைச் சராசரியாக்கினோம், பின்னணியை எங்கிருந்து கழித்தோம் என்பதைப் பொறுத்து முதற்பெயர் மாறும். குறியெண் இல்லாமல் இவற்றுக்குப் பெயர் சூட்டக் கூடாது. ஆல்கேன் வரிசையை அதே வெப்பநிலைத் திட்டத்தில் செலுத்தச் சொல்லுங்கள். கணிக்கும்போது 1963இல் வான் டென் டூல், கிராட்ஸ் இருவரும் கொடுத்த நேர்கோட்டுச் சூத்திரத்தைப் பயன்படுத்துங்கள். மடக்கை உள்ள கோவாட்ஸ் சூத்திரம் வெப்பநிலை மாறாத ஓட்டத்துக்கு உரியது. இணையத்தில் கிடைக்கும் கணக்குத்தாள்கள் பலவற்றில் இரண்டும் குழம்பிக் கிடக்கின்றன.

---

நேர்விகிதம் (பினாங்கு) எழுதியது:

முதன்மைக் கூறு பகுப்பாய்வைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை, அது என் துறை என்பதால் எழுதுகிறேன்.

உங்கள் இரண்டு பட்டியல்களும் இரண்டு வெவ்வேறு படங்களைத் தருவதற்குச் சபினீன் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் அதற்கும் முன்பே வேறு சில தேர்வுகள் நடந்திருக்கின்றன. மாறிகளைச் சராசரியிலிருந்து கழித்து மட்டும் விட்டீர்களா, அல்லது ஒவ்வொன்றையும் அதன் திட்டவிலக்கத்தால் வகுத்தீர்களா? முதல் முறையில் சபினீன், பைனீன்கள், மிரிஸ்டிசின் ஆகியவைதான் படத்தை வரைகின்றன; சிறு சேர்மங்கள் இருந்தும் இல்லாதவை ஆகின்றன. இரண்டாவது முறையில் 0.05 விழுக்காடு உள்ள சேர்மத்துக்கும் சபினீனுக்கும் ஒரே எடை கிடைக்கிறது. 31 மாறிகளோடு இதைச் செய்வதும், இரைச்சலிலிருந்து பிறந்த முகடுகளும் கலந்த 58 மாறிகளோடு செய்வதும் ஒன்றல்ல. இரண்டாவது பட்டியலில் கூட்டங்கள் கலைந்ததற்கு இதுவே போதுமான காரணம். திட்டவிலக்கத்தின் வர்க்கமூலத்தால் வகுக்கும் பரேட்டோ முறை இரண்டுக்கும் நடுவே நிற்கும். மூன்றையும் செய்து பார்த்து, மூன்றிலும் நிலைத்து நிற்கும் முடிவை மட்டும் எழுதுங்கள் என்பது என் வழக்கமான அறிவுரை.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று, எல்லா எண்களும் கூடி நூறாக வேண்டும் என்பதில் இருக்கிறது. ஒரு கற்பனைக் கணக்கு. எண்ணெயில் 50 மில்லிகிராம் சபினீன், 30 மில்லிகிராம் பைனீன், 20 மில்லிகிராம் மிரிஸ்டிசின் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குப்பியின் மூடி சரியாக இல்லாததால் சபினீனில் பாதி ஆவியாகிவிட்டது என்றும், மற்ற இரண்டும் துளியும் மாறவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். இப்போது மொத்தம் 75. பைனீன் 30 விழுக்காட்டிலிருந்து 40 ஆகவும், மிரிஸ்டிசின் 20இலிருந்து 26.7 ஆகவும் உயர்ந்துவிட்டன. பட்டியலைப் பார்ப்பவர், சபினீன் குறையும் மரங்களில் மிரிஸ்டிசின் கூடுகிறது என்று உயிர்வேதியியல் விளக்கமே எழுதிவிடுவார். கார்ல் பியர்சன் 1897இலேயே விகிதங்களுக்கு இடையே தோன்றும் போலித் தொடர்புகளைப் பற்றி எச்சரித்தார். ஜான் எயிட்சிசன் 1982இல் வெளியிட்ட கட்டுரையிலும் அதன் பிறகும் இதற்கு மடக்கை விகிதங்கள் வழியாகத் தீர்வு காட்டினார். மேற்கண்ட கணக்கில் பைனீனுக்கும் மிரிஸ்டிசினுக்கும் உள்ள விகிதம் முன்பும் 1.5, பின்பும் 1.5. மேலே கூடத்துக்காரர் ஐயா உங்களைச் செய்யச் சொன்ன சோதனையும் இதே அடிப்படையில் அமைந்ததுதான்.

ஒவ்வொரு சேர்மத்தின் பரப்பையும் அந்த மாதிரியின் எல்லாப் பரப்புகளின் பெருக்குச் சராசரியால் வகுத்து மடக்கை எடுத்துவிட்டுப் பிறகு முதன்மைக் கூறுகளைக் காணுங்கள். இதைச் செய்யும்போது சுழியங்கள் இடறும், ஏனெனில் சுழியத்துக்கு மடக்கை இல்லை. உங்கள் அட்டவணையில் உள்ள சுழியங்கள் பலவும் சேர்மம் இல்லை என்பதால் வந்தவை அல்ல, 0.5 விழுக்காடு என்ற வரம்புக்குக் கீழே போனதால் வந்தவை. ஒரு மாதிரியில் 0.51 ஆக இருந்து தப்பியதும், மற்றொன்றில் 0.49 ஆக இருந்து சுழியமானதும், படத்தில் பெரிய வேறுபாடாகத் தெரியும். ஆகவே, எல்லா மாதிரிகளிலும் கண்ட சேர்மங்களின் பொதுப்பட்டியலை முதலில் வகுத்துக்கொண்டு, சுழியம் விழுந்த இடங்களில் மூலக்கோப்புக்குத் திரும்பிச் சென்று, அதே தங்குநேரத்தில் அதே அயனியின் பரப்பை அளந்து நிரப்புங்கள். அப்போதும் ஒன்றும் இல்லை என்றால் கண்டறியும் எல்லையின் மூன்றில் இரண்டு பங்கு போன்ற சிறு மதிப்பை இடலாம். அந்த மதிப்பைச் சற்றுக் கூட்டியும் குறைத்தும் பார்க்கும்போது படம் ஆட்டம் காண்கிறதென்றால், படம் அந்தச் சுழியங்களின் மேல் நிற்கிறது என்று பொருள்.

எந்தப் பட்டியல் என்ற உங்கள் கேள்விக்கு இவ்வளவுதான் சொல்வேன்: அமைப்புகளை முடிவு செய்யும் வரையில் எந்தக் குப்பி பருப்பு, எந்தக் குப்பி பத்திரி என்பதை மறைத்து வையுங்கள். மாதிரிகளுக்கு வேறு எண்கள் இடும்படி உடன் பணிபுரிபவர் ஒருவரிடம் சொன்னால் போதும்.

---

தரக்கட்டுப்பாடு (கோலாலம்பூர்) எழுதியது:

மேலே எழுதியவர்கள் பரப்பு விழுக்காட்டையே பயனற்றதாக ஆக்கிவிடக் கூடாது என்று நினைக்கிறேன். வாங்குபவரும் விற்பவரும் பேசிக்கொள்ளும் மொழி அதுவே. நறுமண எண்ணெய்களின் குரோமட்டோகிராம் தோற்றத்தைப் பற்றிய ஐஎஸ்ஓ 11024 நெறிமுறையும், இந்தோனேசிய வகை ஜாதிக்காய் எண்ணெய்க்கான ஐஎஸ்ஓ 3215 தரநிலையும் நடைமுறையில் பரப்பு விழுக்காடுகளின் எல்லைகளைக் கொண்டே இயங்குகின்றன. மடக்கை விகிதத்தைக் கொண்டுபோய் ஒரு கொள்முதல் அதிகாரியிடம் காட்ட முடியாது. மாணவி தம் ஆய்வேட்டில் பரப்பு விழுக்காட்டு அட்டவணை ஒன்றைக் கட்டாயம் வைக்க வேண்டும், இல்லையென்றால் மற்றவர்களின் முடிவுகளோடு அதை ஒப்பிடவே வழியிருக்காது. ஆனால் அந்த அட்டவணை எஃப்ஐடி உணர்கருவியிலிருந்து (சேர்மத்தைச் சுடரில் எரித்து அளப்பது) வரவேண்டும், நிறைமானியின் மொத்த அயனிப் பரப்பிலிருந்து அல்ல. நிறைமானியின் துலங்கல் (ஒரே அளவுப் பொருளுக்கு அது தரும் சைகை) அது எப்படிச் சீரமைக்கப்பட்டிருக்கிறது, எந்த அயனி வரம்பைப் பதிவு செய்கிறது என்பதையெல்லாம் பொறுத்து மாறுவது. பெயர் சொல்ல நிறைமானி, அளவு சொல்ல எஃப்ஐடி என்பதே எங்கள் நடைமுறை.

---

சவர்க்காரக்கடை (பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்) எழுதியது:

நான் வேதியியல் படித்தவள் அல்ல. கையால் சவர்க்காரமும் உடம்புக்குத் தேய்க்கும் எண்ணெயும் செய்து விற்கிறேன், ஜாதிக்காய் எண்ணெயும் சேர்ப்பதுண்டு. விற்பவர் கொடுத்த பகுப்பாய்வுத் தாளில் சாஃப்ரோல் 1.1 விழுக்காடு என்று இருக்கிறது. அதே எண்ணெயை வேறோர் இடத்தில் கொடுத்துப் பார்த்தபோது 1.9 என்று வந்தது. இந்த உரையாடலைப் படித்த பிறகு, இரண்டு பேரும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை என்று புரிகிறது. ஆனால் நான் எதை வைத்துக் கணக்குப் போடுவது? ஐயா யாராவது விளக்கினால் நன்றியுடன் இருப்பேன்.

---

கூடத்துக்காரர் (கோலாலம்பூர்) எழுதியது:

அம்மா, உங்கள் கேள்வி ஆய்வேட்டுக் கேள்வியைவிட அவசரமானது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அழகுசாதன விதிகளின்படி, இயற்கை எண்ணெய்களின் வழியாக வரும் சாஃப்ரோல், முடிவான பொருளில் பத்து இலட்சத்தில் 100 பங்கை, அதாவது 0.01 விழுக்காட்டை, மீறக் கூடாது. ஆசியான் நாடுகளின் அழகுசாதன நெறிமுறையும் அவ்விதிகளைப் பின்பற்றி அமைக்கப்பட்டதுதான். எண்ணெயில் சாஃப்ரோல் 1 விழுக்காடு என்றால், பொருளில் அந்த எண்ணெயை 1 விழுக்காடு வரை சேர்க்கலாம். 2 விழுக்காடு என்றால் அரை விழுக்காடுதான். உங்கள் இரண்டு தாள்களுக்கும் இடையிலான வேறுபாடு நீங்கள் சேர்க்கும் அளவை ஏறக்குறையப் பாதியாக்கிவிடுகிறது. இப்படிப்பட்ட சட்ட எல்லைக்குப் பரப்பு விழுக்காட்டைப் பயன்படுத்தவே கூடாது.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், மாணவிக்கும் அது பயன்படும். எஃப்ஐடி உணர்கருவி எரியும் கரிமத்தையே பெரும்பாலும் உணர்கிறது. சபினீனின் எடையில் 88 விழுக்காடு கரிமம். சாஃப்ரோலில் அது 74, மிரிஸ்டிசினில் 69க்கும் சற்றுக் குறைவு. மேலும், ஆக்ஸிஜனோடு பிணைந்த கரிம அணுக்கள் முழுத் துலங்கலைத் தருவதில்லை என்பதால் உண்மையான குறைவு இதைவிட அதிகம். மிரிஸ்டிசினின் துலங்கல் சபினீனுடையதில் 0.65 பங்கு என்று வைத்துக்கொண்டால், 90 கிராம் சபினீனும் 10 கிராம் மிரிஸ்டிசினும் கலந்த கலவையில் அதன் பரப்பு விழுக்காடு 6.7 என்றுதான் வரும். ஆக்ஸிஜன் மிகுந்த சேர்மங்கள் எல்லாம் இப்படிக் குறைத்தே மதிப்பிடப்படுகின்றன. அவற்றில் சிலவற்றைத்தான் சட்டம் கட்டுப்படுத்துகிறது என்பது இதில் உள்ள வேடிக்கை. மூலக்கூற்று அமைப்பிலிருந்தே துலங்கல் காரணியைக் கணித்துக்கொள்ளும் முறைகள் இருக்கின்றன, ஒவ்வொரு சேர்மத்தையும் தூய நிலையில் வாங்க வேண்டியதில்லை. ஆனால் சாஃப்ரோலைப் போன்ற ஒற்றைச் சேர்மத்துக்குத் தரப்பொருளை வாங்கி, ஐந்தாறு செறிவுகளில் அளவீட்டுக் கோடு வரைந்து, எண்ணெயின் நூறு கிராமில் எத்தனை கிராம் என்று சொல்வதே முறை.

ஆகவே அம்மா, எண்ணெய் விற்பவரிடம் சாஃப்ரோலை எடைக்கு எடை கணக்கில், தரப்பொருளோடு ஒப்பிட்டு அளந்த அறிக்கையைக் கேளுங்கள். தாளில் பரப்பு என்று போட்டிருந்தாலோ, எப்படி அளந்தார்கள் என்றே போடாமல் இருந்தாலோ அதை அளவாகக் கொள்ள வேண்டாம். அப்படி ஓர் அறிக்கை கைக்கு வரும் வரை 1.9ஐவிட உயர்ந்ததாகவே வைத்துக்கொண்டு, குறைவாகச் சேருங்கள்.

தரக்கட்டுப்பாடு ஐயா சொல்வதோடு எனக்குப் பெரிய முரண்பாடு இல்லை. தரநிலையோடு ஒப்பிடப் பரப்பு விழுக்காடு வேண்டும். மரங்களை ஒப்பிட விகிதங்கள் வேண்டும். சட்டத்துக்கு எடை வேண்டும்.

---

ஜாதிபத்திரி (பினாங்கு) எழுதியது:

93 அயனியின் தடத்தை வரைந்து பார்த்தேன். பருப்பு எண்ணெய்கள் அனைத்திலும் சபினீனின் உச்சி தட்டையாகவே இருக்கிறது. பத்திரி எண்ணெய்களில் சிலவற்றில் மட்டும் அப்படி இருக்கிறது. பருப்பும் பத்திரியும் கூடத்தின் பட்டியலில் தெளிவாகப் பிரிந்ததில் இதற்கும் பங்கு இருந்திருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது. நீர்த்த மாதிரிகளை மறுபடி செலுத்தவும், ஆல்கேன் வரிசையையும் எஃப்ஐடி ஓட்டத்தையும் சேர்க்கவும் மேற்பார்வையாளர் ஒப்புக்கொண்டார். குப்பிகளுக்கு வேறு எண்கள் இடும் வேலையை அடுத்த அறைத் தோழி ஏற்றுக்கொண்டாள். நேர்விகிதம் அவர்களுக்கு ஒரு கேள்வி: தட்டையான உச்சியுள்ள பழைய கோப்புகளிலிருந்து, சபினீன், பீட்டா-பைனீன் இரண்டையும் விட்டுவிட்டு, மற்ற சேர்மங்களின் விகிதங்களை மட்டும் பயன்படுத்தலாமா?

---

நேர்விகிதம் (பினாங்கு) எழுதியது:

பயன்படுத்தலாம். ஒரு சேர்மத்தை நீக்கினாலும் மற்றவற்றுக்கு இடையிலான விகிதங்கள் மாறாது, மடக்கை விகித முறையின் பெரிய வசதியே அதுதான். பெருக்குச் சராசரியை மட்டும், மீந்திருக்கும் சேர்மங்களைக் கொண்டு புதிதாகக் கணித்துக்கொள்ளுங்கள். ஆல்ஃபா-பைனீனும் எல்லையைத் தொட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். தொட்டிருந்தால் அதையும் நீக்க வேண்டும். நீர்த்த மாதிரிகளின் கோப்புகள் வந்ததும், அதே சேர்மங்களின் விகிதங்களைப் பழையவற்றோடு ஒப்பிட்டு, எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்த்துவிடுங்கள். மூலக்கோப்புகளைப் பல மென்பொருள்கள் திறக்கக்கூடிய எம்இசட்எம்எல் (mzML) என்ற பொது வடிவில் மாற்றி வாங்கிக்கொள்ளவும் மறக்க வேண்டாம். கருவி நிறுவனத்தின் தனி வடிவத்தில் மட்டும் வைத்திருந்தால், பிறகு வேறொருவர் சரிபார்க்க நினைத்தாலும் திறக்க முடியாமல் போகலாம்.